பாயிண்ட் பிளசண்ட் போர்க்களப் பூங்காவை முதல்முறை பார்க்கப் போகிறீர்களா?

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், கனாவா ஆறு ஒஹையோ ஆற்றில் கலக்கும் கூடுதுறையில், டூ-என்டி-வெய் என்றொரு சின்ன மாநிலப் பூங்கா இருக்கிறது. பாயிண்ட் பிளசண்ட் ஊரின் மெயின் ஸ்ட்ரீட் தெற்கே போய் முடிகிற இடம் அது. மொத்தப் பரப்பே நான்கு ஏக்கர்தான். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1774 அக்டோபர் 10 அன்று வர்ஜீனியாவின் மிலிஷியா எனும் குடிமக்கள் படைக்கும், ஷானி, மிங்கோ முதலான பூர்வகுடிப் போராளிகளுக்கும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நடந்த சண்டையின் நினைவிடம்.

உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் போர்க்களம் போல மைல்கணக்கில் பரந்து கிடக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஓர் உயரமான தூண், ஒரு பழைய மரவீடு, நாலைந்து நினைவுக் கற்கள், இரண்டு ஆறுகள். அவ்வளவுதான். எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் தூணுக்கு முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். தெரிந்து போனால் அரை நாளாவது வேண்டும். அந்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பூங்காவில் நிற்பவை எல்லாம் சண்டை நடந்து பல காலம் கழித்து, ஒரு தரப்பின் வாரிசுகள் வைத்தவை. எதிர்த்தரப்புக்கு அங்கே இடம் கிடைத்தது 1954இல்தான், அதுவும் ஒரு மூலையளவு. கற்கள் சொல்வதைப் படியுங்கள், கூடவே சொல்லாததையும் தேடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு

பூங்காவில் விளக்கப் பலகைகள் குறைவு. கதை தெரியாமல் போனால் எதுவும் ஒட்டாது. அதனால் முந்தைய இரவே இவ்வளவையும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் ஓர் ஒப்பந்தம் நடந்தது. ஒஹையோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த பெரும் நிலப்பரப்பை இராக்வாய் என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பு பிரிட்டிஷாருக்கு எழுதிக்கொடுத்தது. அந்தக் காடுகளில் காலங்காலமாக வேட்டையாடி வந்தவர்கள் ஷானிகள். அவர்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. பத்திரம் ஒருவர் கையில், நிலம் இன்னொருவர் புழக்கத்தில். குடியேறிகள் வரத் தொடங்கியதும் உரசலும் தொடங்கியது.

1774 ஏப்ரல் 30 அன்று, ஒஹையோ ஆற்றின் மேற்பகுதியில் யெல்லோ கிரீக் ஓடை ஆற்றில் சேரும் இடத்தருகே, லோகன் என்ற மிங்கோ தலைவரின் குடும்பத்தாரைச் சில குடியேறிகள் கொன்றார்கள். லோகன் அதுவரை வெள்ளையர்களோடு நட்பாக இருந்தவர். பழிவாங்கப் புறப்பட்டார். எல்லைப்புறம் முழுக்கக் கலவரம் பரவியது. வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர் பிரபு இதையே காரணம் காட்டிப் போருக்கு ஆள் திரட்டினார்.

திட்டம் இரண்டு கைகள் கொண்டது. டன்மோர் பிட் கோட்டையிலிருந்து, அதாவது இன்றைய பிட்ஸ்பர்க்கிலிருந்து, ஆற்றோடு கீழே வர வேண்டும். கர்னல் ஆண்ட்ரூ லூயிஸ் தெற்கே இன்றைய லூயிஸ்பர்க் பக்கத்திலிருந்து மலைக்காடு வழியாக வர வேண்டும். லூயிஸின் ஆட்கள் சுமார் 1,100 பேர். தொழில்முறைச் சிப்பாய்கள் அல்லர். தங்கள் சொந்தத் துப்பாக்கியோடு வந்த விவசாயிகளும் வேட்டைக்காரர்களும். ஏறத்தாழ 160 மைல், பொதிக் குதிரைகளோடும் மாட்டு மந்தையோடும் காட்டைக் கடந்து அக்டோபர் 6 அன்று இந்த முனைக்கு வந்து கூடாரம் போட்டார்கள். டன்மோர் இங்கே வரவில்லை. ஆற்றின் மறுகரையில் வேறு வழியாக ஷானி ஊர்களை நோக்கித் திரும்பிவிட்டார்.

ஷானிகளின் போர்த் தலைவர் கார்ன்ஸ்டாக். இரண்டு படைகளும் சேர்ந்தால் தாக்குப்பிடிக்க முடியாது, சேருவதற்குள் ஒன்றை அடித்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. 9ஆம் தேதி இரவு தெப்பங்களில் ஒஹையோவைக் கடந்து, முகாமுக்கு வடக்கே சில மைல் தள்ளிக் கரையேறினார்கள். விடியற்காலையில் வேட்டைக்குப் போன இரண்டு படைவீரர்கள் அவர்கள் மேல் தற்செயலாக முட்டிக்கொண்டார்கள். ஒருவர் இறந்தார். மற்றவர் ஓடிவந்து முகாமை எழுப்பினார். அந்த ஓட்டம் இல்லையென்றால் லூயிஸின் படை தூக்கத்திலேயே சிக்கியிருக்கும்.

இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்ட்ரூ லூயிஸ், அவர் தம்பி சார்லஸ் லூயிஸ், கார்ன்ஸ்டாக், லோகன், டன்மோர். ஐந்து பேர் போதும்.

எப்போது போவது

அக்டோபர்தான் சரியான மாதம். வெக்கை அடங்கியிருக்கும், மறுகரை மரங்கள் நிறம் மாறியிருக்கும், சண்டை நடந்த பருவமும் அதுவே. காலையில் ஆற்றின் மேல் பனிமூட்டம் நிற்கும் நாட்களில் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். எதிர்க்கரை தெரியாமல் நிற்கும்போதுதான், ஒரு படை இரவோடு இரவாக ஆற்றைக் கடந்தது எப்படி யார் கண்ணிலும் படவில்லை என்பது விளங்கும். அக்டோபர் தொடக்கத்தில் அந்தக்கால உடையணிந்தவர்களோடு சண்டையை நினைவுகூரும் நிகழ்ச்சிகளும் ஊரில் நடப்பதுண்டு. தேதியை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் போகாதீர்கள். அது மாத்மேன் திருவிழா, சிறகு முளைத்த ஒரு மர்ம உருவத்தின் பெயரில் நடப்பது. சின்ன ஊர் தாங்காத கூட்டம் வரும், மெயின் ஸ்ட்ரீட்டில் வண்டி நுழையாது. மாத்மேனுக்காகவே போகிறீர்கள் என்றால் சரி, அது வேறு விஷயம்.

ஜூலை, ஆகஸ்ட்டில் ஆற்றங்கரைப் புழுக்கம் வாட்டிவிடும். குளிர்காலத்தில் புல்வெளியும் தூணும் திறந்தே இருக்கும், ஆனால் உள்ளே பார்க்க வேண்டிய மரவீட்டு அருங்காட்சியகத்தை மூடிவிடுவார்கள். அது வெதுவெதுப்பான மாதங்களில் மட்டும் இயங்குவது. போகும் வாரத்தில் மாநிலப் பூங்காத் துறையின் இணையதளத்தில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது

கார்தான் வழி. கொலம்பஸிலிருந்து வருகிறவர்கள் 23ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே சில்லிகாத்தி வரை வந்து, அங்கிருந்து 35ஆம் எண் சாலையைப் பிடித்தால் சுமார் இரண்டு மணி நேரம். சார்ல்ஸ்டனிலிருந்து ஒரு மணி நேரம். இன்டர்ஸ்டேட் 64இல் கொஞ்சம் மேற்கே வந்து அதே 35ஆம் எண் சாலைக்கு மாறிவிடலாம். ஹன்டிங்டனிலிருந்து வருகிறவர்களுக்கு 2ஆம் எண் மாநிலச் சாலை, ஆற்றை ஒட்டியே வரும். விமானத்தில் வருவதானால் சார்ல்ஸ்டன் விமான நிலையம் கிட்டே. கொலம்பஸில் இறங்கினால் விமானங்கள் அதிகம், டிக்கெட்டும் பெரும்பாலும் மலிவு.

மலைப்பகுதியில் செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வரும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்தபின் ஓட்டுவதாக இருந்தால் மான்கள் குறுக்கே பாயும். அக்டோபர், நவம்பரில் இது இன்னும் அதிகம். ஒன்று பாய்ந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும், அதனால் முதல் மான் போனதும் வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் மெயின் ஸ்ட்ரீட்டில் தெற்கே வந்துகொண்டே இருங்கள். தூணின் முனை கட்டடங்களுக்கு மேலே தெரியும். பக்கத்துத் தெருக்களிலேயே வண்டியை நிறுத்த இடம் கிடைக்கும். தரை சமதளம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை, முட்டிவலி இருந்தாலும், தயங்காமல் கூட்டிப் போகலாம்.

முதலில் தண்ணீர்

எல்லாரும் நேராகத் தூணுக்குத்தான் போவார்கள். நீங்கள் அதைத் தாண்டி முனைக்குப் போங்கள். இடக்கைப் பக்கம் கனாவா, வலக்கைப் பக்கம் ஒஹையோ. தெற்கே பார்த்து நின்றால் இரண்டும் கண்ணெதிரே கலக்கும். மழைக்குப் பிந்தைய நாளானால் இரண்டு தண்ணீரும் வேறு வேறு நிறத்தில் கொஞ்ச தூரம் ஒட்டாமல் ஓடுவதைப் பார்க்க வாய்ப்புண்டு. நிலக்கரி ஏற்றிய படகுகளைத் தொடராகத் தள்ளிக்கொண்டு போகும் டோபோட் ஒன்று வந்தால் நின்று பாருங்கள். அது வளைந்து திரும்பப் பிடிக்கும் நேரத்தில் ஆற்றின் அகலம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

இங்கே நின்று லூயிஸ் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று யோசியுங்கள். இரண்டு பக்கமும் ஆறு, அதனால் பக்கவாட்டில் யாரும் வர முடியாது. ஆனால் அதே காரணத்தால் பின்வாங்கவும் முடியாது. எதிரி வடக்கிலிருந்து வந்தால் முகாமுக்கு முதுகுப்பக்கம் தண்ணீர்தான். பாதுகாப்பும் பொறியும் ஒரே இடம். கார்ன்ஸ்டாக் வடக்கே கரையேறியதற்குக் காரணம் இதுதான்.

இன்று பார்க்கும் ஒஹையோ அன்றைய ஆறு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கப்பல் போக்குவரத்துக்காக வழியெங்கும் அணைகளும், படகுகளை ஏற்றி இறக்கும் லாக் கதவுகளும் கட்டி நீர்மட்டத்தை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அன்று இலையுதிர்காலத்தில் ஆறு இதைவிடக் குறுகலாகவும் ஆழம் குறைவாகவும் ஓடியிருக்கும். கரையோரம் செங்குத்து, சேறு. நீரோட்டம் மேலே தெரிவதைவிட உள்ளே வேகம். குழந்தைகளைக் கைப்பிடியிலேயே வைத்திருங்கள், கால் நனைக்கலாம் என்று இறங்காதீர்கள்.

முனையருகே 1749ஐக் குறிக்கும் ஒரு கல் இருக்கும். செலரோன் என்ற பிரெஞ்சு அதிகாரி ஒஹையோ பள்ளத்தாக்கு முழுவதும் தன் மன்னருக்குச் சொந்தம் என்று பொறித்த ஈயத் தகடுகளை ஆற்று முகத்துவாரங்களில் புதைத்துக்கொண்டே வந்தார். இங்கே ஒன்றைப் புதைத்தார். 1846இல் ஒரு சிறுவன் கையில் அது கிடைத்தது. ஈயத்தைப் புதைத்தால் நாடு சொந்தமாகிவிடும் என்று நம்பிய காலம்! பத்திரங்கள் மேல் பத்திரங்களாக இந்த மண்ணை யார் யாரோ எழுதிக்கொண்டதன் தொடக்கம் இந்தச் சின்னக் கல்லில் இருக்கிறது. பெரும்பாலோர் இதைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள்.

அப்புறம் வடக்கே ஒரு நடை

புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாத விஷயம் இது: சண்டை பெரும்பாலும் பூங்காவுக்குள் நடக்கவில்லை. பூங்கா இருக்கும் இடம் முகாம். போர்க்களம் இன்றைய ஊருக்கு அடியில் கிடக்கிறது. அதனால் தூணைப் பார்ப்பதற்கு முன்பே ஊருக்குள் வடக்கு நோக்கி ஒரு மைல் அளவு நடந்துவிட்டு வாருங்கள்.

தகவல் வந்ததும் லூயிஸ் அதை ஒரு சிறு ஒற்றர் கூட்டம் என்றுதான் நினைத்தார். ஆளுக்கு 150 பேராக இரண்டு பிரிவுகளை அனுப்பினார். ஒன்றுக்குத் தம்பி சார்லஸ் லூயிஸ், இன்னொன்றுக்கு வில்லியம் ஃபிளெமிங். சூரியன் எழும் நேரத்துக்கு இரண்டு பிரிவும் எதிரியின் முழு வரிசைக்கு முன்னால் போய் நின்றன. சார்லஸ் லூயிஸ் குண்டடிபட்டு, தானே முகாமுக்கு நடந்து திரும்பி, அன்றே இறந்தார். ஃபிளெமிங் படுகாயத்தோடு தப்பினார். பின்னாளில் கொஞ்ச காலம் வர்ஜீனியாவின் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார்.

அதன்பிறகு நாள் முழுக்க மரத்துக்கு மரம் சண்டை. ஒஹையோ கரைக்கும் கிழக்கே ஓடும் கிரூக்கட் கிரீக் என்ற ஓடைக்கும் நடுவே ஒரு மைலுக்கும் மேலான கோடு. புகை மூட்டத்தில் ஆள் தெரியாது. கார்ன்ஸ்டாக் தன் ஆட்களை உறுதியாக நில்லுங்கள் என்று ஊக்கப்படுத்திக் கூவிக்கொண்டே இருந்தது எதிர் வரிசைக்கும் கேட்டதாக உயிர்பிழைத்தவர்கள் பிற்பாடு எழுதினார்கள். பிற்பகலில் லூயிஸ் சில கம்பெனிகளை அந்த ஓடைப் பள்ளத்துக்குள் மறைவாக அனுப்பிப் பக்கவாட்டில் தாக்கச் செய்தார். டன்மோரின் படைதான் வந்துவிட்டது என்று நினைத்து ஷானிகள் பின்வாங்கத் தொடங்கியதாகச் சொல்வார்கள். இருட்டியதும் வந்த வழியே ஆற்றைக் கடந்து போய்விட்டார்கள்.

வர்ஜீனியத் தரப்பில் சுமார் 75 பேர் இறந்தார்கள், 150 பேர் அளவில் காயம். ஷானிகள் தரப்பில் எத்தனை என்று உறுதியான கணக்கு கிடையாது. இறந்தவர்கள் பலரை அவர்களே ஆற்றில் விட்டுவிட்டார்கள், எதிரி கையில் உடல் சிக்கக்கூடாது என்பதற்காக.

இன்று அங்கே நடைபாதை, கடைகள், வீடுகள்தான். பார்க்க ஒன்றுமில்லையே என்று தோன்றலாம். ஆனால் முனைக்கும் சண்டைக் கோட்டுக்கும் உள்ள தூரத்தைக் காலால் அளந்தவர்களுக்குத்தான், அடிபட்ட ஒருவர் அவ்வளவு தூரம் நடந்து திரும்பியதன் கனம் தெரியும்.

திரும்பும்போது ஊருக்குள் வராமல் ஆற்றோர ரிவர்ஃபிரன்ட் பார்க் வழியாக வாருங்கள். வெள்ளத்தடுப்புச் சுவருக்கு வெளிப்பக்கம் ஆற்றை ஒட்டியே இருக்கும். அந்தச் சுவரில் ராபர்ட் டாஃபர்ட் என்ற ஓவியர் தீட்டிய பெரிய சுவரோவியங்கள், ஷானி வாழ்க்கையிலிருந்து சண்டை வரை. பூங்காவுக்குள் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: எதிர்த்தரப்பின் முகங்கள். என் கணக்கில் ஊரிலேயே நல்ல வரலாற்றுப் பாடம் இந்தச் சுவர்தான். ஆற்றில் வெள்ளம் ஏறியிருக்கும் நாட்களில் இந்தப் பக்கம் போக முடியாது.

இப்போது தூண்

84 அடி உயரக் கருங்கல் தூண், அடியில் துப்பாக்கியோடு நிற்கும் எல்லைப்புறக்காரர் ஒருவரின் சிலை. 1909 அக்டோபரில் திறந்து வைத்தார்கள். வர்ஜீனியப் படையில் மாண்டவர்களுக்காக எழுப்பியது.

இங்கே ஒரு குழப்பம் வரும். நிற்பது மேற்கு வர்ஜீனியாவில், கல்லில் இருப்பதோ வர்ஜீனியா. 1774இல் இதெல்லாம் ஒரே காலனி. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல்தான் மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானது.

இன்னொரு கூற்றும் ஊரெங்கும் கண்ணில் படும்: அமெரிக்கப் புரட்சியின் முதல் சண்டை இதுதான் என்று. உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியராக இருந்த லிவியா சிம்ப்சன் பாஃபன்பார்கர் என்ற பெண்மணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வாதத்தை முன்வைத்து விடாமல் போராடினார். தூண் எழுந்ததில் அவர் பங்கு பெரிது. அவர் உழைப்பை மதிக்கலாம், வாதத்தை ஏற்க வேண்டியதில்லை. அன்று சண்டையிட்டவர்கள் பிரிட்டிஷ் மன்னரின் ஆளுநருக்குக் கீழே, அவர் உத்தரவில் போனவர்கள். மன்னருக்கு எதிரான முதல் சண்டை என்று அதை எப்படிச் சொல்வது? புரட்சிப் போர் தொடங்கிய லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது அதற்கு ஆறு மாதம் கழித்து, 1775 ஏப்ரலில்.

ஆனால் முற்றிலும் தொடர்பில்லை என்றும் சொல்ல முடியாது. சண்டை நடந்த அந்த வாரத்தில்தான் ஃபிலடெல்ஃபியாவில் காலனிகளின் பிரதிநிதிகள் சேர்ந்த முதல் கண்ட மாநாடு கூடியிருந்தது. டன்மோர் உதவிக்கு வராமல் போனதைத் துரோகம் என்று வர்ஜீனியர்கள் பிறகு பேசிக்கொண்டார்கள். 1776 ஜூலையில் அதே டன்மோரை வர்ஜீனியக் கடலோரத்து க்வின் தீவிலிருந்து பீரங்கியால் விரட்டியவர் அதே ஆண்ட்ரூ லூயிஸ்தான்.

சண்டைக்குப் பிறகு சார்லட் முகாமில் உடன்பாடு நடந்தது. ஒஹையோவுக்குத் தெற்கே வேட்டையாட வர மாட்டோம் என்று ஷானிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆறு எல்லையானது. அந்த எல்லையும் நிலைக்கவில்லை. இருபது வருடத்துக்குள் குடியேறிகள் அதையும் தாண்டிப் போனார்கள்.

கார்ன்ஸ்டாக்கின் கல்லுக்கு நேரம் ஒதுக்குங்கள்

தூணோடு ஒப்பிட்டால் இது ரொம்பச் சின்னது. தேடித்தான் போக வேண்டும். பூங்காவில் நான் அதிக நேரம் நிற்கச் சொல்வது இங்கேதான்.

சண்டைக்குப் பிறகு கார்ன்ஸ்டாக் சமாதானத்தின் பக்கம் நின்றார். புரட்சிப் போர் தொடங்கியதும் ஷானிகளில் பலர் பிரிட்டிஷாரோடு சேர விரும்பினார்கள். 1777 இலையுதிர்காலத்தில், இந்த முனையில் அமெரிக்கர்கள் கட்டியிருந்த ரான்டால்ஃப் கோட்டைக்கு அவரே வந்து, என் ஆட்களை இனி என்னால் தடுக்க முடியாமல் போகலாம் என்று எச்சரித்தார். கோட்டைத் தளபதி அவரைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டார். நவம்பர் 10 அன்று கோட்டைக்கு வெளியே மிலிஷியா ஆள் ஒருவரை வேறு பூர்வகுடிகள் கொன்றார்கள். கோபம் கொண்ட மிலிஷியாக்காரர்கள் உள்ளே புகுந்து, கார்ன்ஸ்டாக்கையும் பார்க்க வந்திருந்த அவர் மகன் எலினிப்சிகோவையும் கூட இருந்தவர்களையும் சுட்டுக் கொன்றார்கள். ஆளுநர் பேட்ரிக் ஹென்றி கொதித்துப்போனார், வழக்கு நடந்தது, சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. எல்லாரும் விடுதலை. ஷானிகள் மறுவருடமே கோட்டையை முற்றுகையிட்டதில் வியப்பில்லை.

கார்ன்ஸ்டாக்கின் எலும்புகளுக்கும் நிம்மதி இருக்கவில்லை. கோட்டையருகே புதைத்தார்கள். 1840இல் நீதிமன்ற வளாகத்துக்கு மாற்றினார்கள். புதிய நீதிமன்றம் கட்டும்போது, 1954இல், மிச்சமிருந்த சில பற்களையும் எலும்புத் துண்டுகளையும் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அவர் தோற்ற போர்க்களத்தில், அவரை எதிர்த்தவர்களின் தூணுக்குப் பக்கத்தில்.

கார்ன்ஸ்டாக்கின் சாபம் என்று ஒரு கதையை உங்களிடம் யாராவது நிச்சயம் சொல்வார்கள். சாகும்போது இந்த ஊரைச் சபித்தார், அதனால்தான் வெள்ளமும் 1967இல் பாலம் விழுந்ததும் என்று. அது பிற்காலத்தில் கட்டிய கதை. நடந்த கொலையை விட்டுவிட்டுச் சாபத்தைப் பேசுவது கொன்றவர்களுக்குத்தான் வசதி.

மரவீடும் ஆன் பெய்லியும்

பூங்காவுக்குள்ளேயே மான்ஷன் ஹவுஸ் என்ற மரவீடு இருக்கிறது. 1796இல் வால்டர் நியூமன் என்பவர் விடுதியாகக் கட்டியது. செதுக்கிய மரக்கட்டைகளால் ஆன வீடுகளில் கனாவா பள்ளத்தாக்கிலேயே பழையது இதுதான் என்பார்கள். உள்ளே அந்தக்காலச் சாமான்கள், நாலு கால் கட்டில்கள், அலகேனி மலையைக் கடந்து வந்த முதல் பியானோக்களில் ஒன்று என்று நம்பப்படும் சதுரப் பியானோ. திறந்திருந்தால் அரை மணி நேரம் பாருங்கள். சண்டையைப் பற்றி அல்ல, சண்டைக்குப் பிறகு வந்து குடியேறியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பற்றிய இடம். வழிகாட்டி யாரேனும் இருந்தால் பேச்சுக் கொடுங்கள். சின்ன ஊர்களில் ஆட்கள் கதை சொல்லத் தயங்குவதில்லை.

ஆன் பெய்லியின் கல்லறையும் இங்கே. லிவர்பூலில் பிறந்து வந்தவர். கணவர் ரிச்சர்ட் ட்ராட்டர் இந்தச் சண்டையில் இறந்தார். அதன்பின் ஆண் உடையில் துப்பாக்கியோடு எல்லைப்புறக் கோட்டைகளுக்கிடையே ஒற்றராகவும் தூதராகவும் குதிரையேறித் திரிந்தார். 1791இல் இன்றைய சார்ல்ஸ்டனிலிருந்து லூயிஸ்பர்க் வரை தனியாகப் போய் வெடிமருந்து கொண்டுவந்தார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை. அதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பிறகு சேர்ந்தது என்று பிரிப்பது கடினம். 1825இல் ஒஹையோவில் இறந்தார். 1901இல் அவர் உடலை இங்கே மாற்றினார்கள்.

சாப்பாடு, மற்ற வேலைகள்

மெயின் ஸ்ட்ரீட்டில் டைனர், பீட்சா வகையறா கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தேர்வு குறைவு. புளியோதரை கட்டிக்கொண்டு போவது உத்தமம். உட்கார்ந்து சாப்பிட ஊரின் கிழக்குப் பக்கம் உள்ள குரோடெல் பார்க்குக்குப் போங்கள். ஏரி இருக்கிறது, நிழல் இருக்கிறது, குழந்தைகள் ஓடி விளையாடலாம். ரான்டால்ஃப் கோட்டையின் மாதிரியையும் அங்கேதான் மரத்தால் கட்டி வைத்திருக்கிறார்கள். அசல் கோட்டை நின்ற இடம் அது இல்லை. ஆனாலும் கார்ன்ஸ்டாக் எப்படிப்பட்ட சுவருக்குள் அடைபட்டிருந்தார் என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

போர்க்கள மண்ணில் எதையும் தோண்டாதீர்கள், கல்லையோ பானை ஓட்டுத் துண்டையோ பொறுக்காதீர்கள். கற்கள் மேல் குழந்தைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். சில கற்களுக்கு அடியில் ஆட்கள் இருக்கிறார்கள்.

வந்தது வந்தோம் என்று

மாத்மேன் சிலை மெயின் ஸ்ட்ரீட்டிலேயே நிற்கிறது, 2003இல் வைத்த பளபளப்பான உலோகச் சிலை. 1966 நவம்பரில் ஊருக்கு வடக்கே, போர்க்கால வெடிமருந்துக் கிடங்குகள் இருந்த காட்டில், சிவந்த கண்ணும் சிறகுமாக ஏதோ ஒன்றைப் பார்த்ததாகச் சிலர் சொன்னதிலிருந்து வளர்ந்த கதை. குழந்தைகளுக்குப் பிடிக்கும். பத்து நிமிடம் போதும்.

அதைவிட ஆறாவது தெரு முனையில் சில்வர் பாலத்தின் நினைவிடத்துக்குப் போங்கள். 1928இல் கட்டிய தொங்குபாலம். 1967 டிசம்பர் 15 மாலை, கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்து வாகன நெரிசலில், முழுவதும் ஆற்றுக்குள் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய சங்கிலியின் ஒரே ஓர் இரும்புப் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். அதன் பிறகுதான் நாடு முழுக்கப் பாலங்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதிக்கும் விதி வந்தது. நீங்கள் ஊருக்குள் வந்த வழியிலிருக்கும் பாலங்களுக்கும் அந்த விதி பொருந்தும்.

கொலம்பஸ் திரும்புகிறவர்களுக்கு இன்னொரு யோசனை. 35ஆம் எண் சாலையும் 23ஆம் எண் சாலையும் ஏறத்தாழ ஷானிகள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பிய திசையிலேயே போகின்றன. சர்க்கிள்வில்லுக்குத் தெற்கே, சாலையிலிருந்து சற்று விலகி, லோகன் எல்ம் நினைவிடம் இருக்கிறது. உடன்பாட்டுக்கு வர மறுத்த லோகன், தன் குடும்பத்தில் இனி யாரும் மிச்சமில்லை என்று சொல்லி அனுப்பிய புகழ்பெற்ற உரையை இங்கிருந்த ஓர் எல்ம் மரத்தடியில் பேசியதாக நம்பிக்கை. மரம் 1964இல் பட்டுப்போனது. இப்போது புல்வெளியும் கற்களும்தான். வழியில் சில்லிகாத்தியில் ஹோப்வெல் என்ற பழங்காலப் பூர்வகுடிப் பண்பாட்டின் மண்மேடுகளையும் பார்க்கலாம். சுமார் இரண்டாயிரம் வருடப் பழமை, 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதற்கும் கட்டணம் இல்லை. இரண்டையும் வெளிச்சத்தில் பார்க்க நினைத்தால் பாயிண்ட் பிளசண்டிலிருந்து மதியம் ஒரு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். அதற்காகவே காலையில் எட்டரைக்கெல்லாம் ஆற்று முனையில் நிற்கும்படி வந்து சேருங்கள்.